பின்னால் ஒன்றும் வரவில்லை

கில்மக்தாமஸிலிருந்து புறப்பட்ட முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் அம்மா பதினொரு முறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் சைக்கிள் இடப்பக்கம் புல்லை ஒட்டிப் போய்த் தள்ளாடும், பிறகு நேராகும். பன்னிரண்டாவது முறை சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி, பின்னால் ஒன்றுமே வராதா?"

"வராது அம்மா. இந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள்."

"பஸ்?"

"பஸ்ஸும் கிடையாது."

"மணல் லாரி?"

"சைக்கிளும் நடக்கிறவர்களும் மட்டும்தான்."

அவள் குனிந்து பாதையைப் பார்த்தாள். நல்ல தார்ப் பாதை. ஒரு குழி இல்லை. "இவ்வளவு நல்ல ரோட்டைப் போட்டுவிட்டு வண்டியை விடாமல் வைத்திருக்கிறார்களா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை.

அயர்லாந்தின் தென்கிழக்கில் வாட்டர்ஃபோர்ட் நகரிலிருந்து டங்கார்வன் என்ற கடலோர ஊர்வரை 46 கிலோமீட்டர் நீளும் பாதை இது. வாட்டர்ஃபோர்ட் கிரீன்வே என்று பெயர். நான் இந்த ஊரில் செவிலியராக வேலைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இரவுப் பணி முடிந்து தூக்கம் பிடிக்காத காலைகளில் என்னைச் சரிசெய்து வீட்டுக்கு அனுப்புவது இந்தப் பாதைதான். கடந்த ஜூன் மாதம் அம்மா வந்தபோது, கோட்டை, அருங்காட்சியகம், டப்ளின் என்று தம்பி ஒரு பட்டியல் எழுதி அனுப்பியிருந்தான். என் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அம்மாவை மறுபடி சைக்கிளில் ஏற்ற வேண்டும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்குப் பக்கம். 1991இல் மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்து கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். பஸ் வராத ஊர்களுக்கு மாலையில் போய் அரிக்கேன் விளக்கில் பாடம் நடத்த வேண்டிய பெண்களுக்கு அது விசித்திரமே இல்லை. பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அம்மாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கண்மாய்க்கரையில் குரங்குப் பெடல் போட்டு ஆரம்பித்து, இரண்டு முழங்கால்களிலும் தழும்பு வாங்கி, மூன்றாம் வாரத்தில் சீட்டில் ஏறினாளாம். லேடீஸ் சைக்கிள் அவ்வளவு எளிதில் கிடைக்காது. அப்பாவுடைய பார் வைத்த சைக்கிளைத்தான் ஓட்டினாள். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி, ஆறு வயதுப் பெண்ணான என்னை உட்காரவைத்து, கேரியரில் சிலேட்டுக் கட்டோடு போவாள். என் நினைவில் இருக்கும் முதல் பயணம் அதுதான். அவளுடைய தாடை என் தலையில் இடிக்கும். மூச்சு காதுக்கருகில் கேட்கும்.

பதினாறு ஆண்டுகள் ஓட்டினாள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சந்தை, தாய்மாமன் வீடு எல்லாம் சைக்கிளில்தான். பிறகு திருச்சி சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டிகள் வேகம் பிடித்தன. 2008இல் ஒரு மாலை, பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே உரசிப் போனது. அம்மா சாலையோரப் பள்ளத்தில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. சைக்கிள் மட்டும் பரணில் ஏறியது, இறங்கவே இல்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை. "பின்னால் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். நான் அதை மறக்கவில்லை.

ஒரு மாவட்டமே திரண்டு பெண்களுக்குக் கொடுத்த ஒன்றைச் சாலை திரும்ப வாங்கிக்கொண்டது. அம்மா ஒருத்திக்கு மட்டும் நடந்ததல்ல இது. அவளோடு கற்றுக்கொண்ட என் சித்திமார், அத்தைமார் பலரும் இன்று ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிறார்கள்.

வந்த மூன்றாம் நாள் நகர எல்லையில் இருக்கும் பில்பெரிக்கு அழைத்துப்போனேன். கிரீன்வே அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. ஷூர் ஆற்றை ஒட்டிய பாறைச் சரிவில் நீண்ட முடியும் நெடிய கொம்புமாக ஓர் ஆட்டு மந்தை மேய்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத ஆடுகள். பல தலைமுறைகளாக அங்கேயே திரிகின்றன. அம்மா சைக்கிள்களைப் பார்க்கவே இல்லை. அரைமணி நேரம் ஆடுகளைப் பார்த்தாள். எந்தக் கிடா தலைவன், எது சினை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அன்று நான் சைக்கிள் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். சொன்ன சொல்லிலிருந்து அவள் இறங்கமாட்டாள். ஐந்தாம் நாள் அவளாகவே கேட்டாள்: "அங்கே ஒருத்தி என் வயதில் ஓட்டிக்கொண்டு போனாளே, அது வாடகை சைக்கிளா?"

வாடகைக் கடையில் மின்சார சைக்கிள் கொடுக்கப் பார்த்தார்கள். அம்மா கையாலேயே வேண்டாம் என்றாள். குறுக்கே பார் இல்லாத சாதாரண சைக்கிள் ஒன்றை எடுத்து, சீட்டை அடிமட்டம் வரை இறக்கினோம். செயினை முழுவதும் மூடும் உறை இருந்ததால் சேலைக்குப் பயமில்லை. முந்தானையை இழுத்துச் செருகி, மேலே என்னுடைய மழைச்சட்டையை மாட்டிக்கொண்டாள். கியர் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினேன். கடை வாசலில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "இது மிளகாய் அரைக்கும் மிஷினில் பெல்ட்டை மாற்றுவது மாதிரிதான்" என்று என்னை நிறுத்திவிட்டாள்.

முழுத் தூரமும் வேண்டாம் என்று பாதி வழியில் இருக்கும் கில்மக்தாமஸிலிருந்து டங்கார்வன் வரையிலான 22 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டோம். மேற்கு நோக்கிப் போவதால் தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கரையில் அதிகமாக வீசும் காற்று அதுதான். ஆனாலும் கடலைக் கடைசியில் பார்ப்பதுதான் சரி என்று பட்டது.

இந்தப் பாதை ஏன் இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இது பழைய ரயில் தடம். 1878இல் திறந்த இருப்புப்பாதை. பயணிகள் ரயில் 1967 மார்ச் மாதத்தோடு நின்றது. டங்கார்வனுக்கு அருகில் பாலினகோர்ட்டியில் மக்னசைட் தயாரித்த ஆலைக்காக 1982 வரை சரக்கு வண்டிகள் ஓடின. பிறகு முள்ளும் புதரும் மூடிவிட்டன. தண்டவாளம் இருந்த இடத்தில் தார் போட்டு 2017 மார்ச்சில் திறந்தார்கள். கடைசிப் பயணிகள் ரயில் போய்ச் சரியாக ஐம்பது ஆண்டு. ரயிலின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் மேட்டைக் குடைந்து, பள்ளத்தில் பாலம் கட்டி, ஏற்றத்தைக் கரைத்துக் கரைத்துத்தான் பாதை போட்டிருப்பார்கள். நீராவி எஞ்சினுக்காகச் செய்த அந்த வேலை இன்று அறுபத்திரண்டு வயது முழங்காலுக்கு உதவுகிறது.

இதே பகுதியின் கடலோரச் சாலையில் ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். டிராமோரிலிருந்து டங்கார்வனுக்குக் காப்பர் கோஸ்ட் வழியாக ஒரு சாலை இருக்கிறது. பழைய செம்புச் சுரங்கங்கள் இருந்த, மனத்தை அள்ளும் கரை. ஒவ்வொரு சிறு குடாவுக்கும் கீழே விழுந்து மறுபடி மேலே ஏறும் சாலை. இருபுறமும் ஆள் உயர வேலி, வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கிராமச் சாலைகளின் வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80 கிலோமீட்டரிலிருந்து 60ஆகக் குறைத்திருக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் வளைவில் கார் வரும் ஒலி கேட்டதும் என் தோள்களும் அம்மாவின் தோள்களைப் போலவே காதுவரை ஏறிவிடுகின்றன. கிரீன்வேயில் அந்தத் தோள் இறங்குகிறது. வேறு எந்த அழகைவிடவும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

கில்மக்தாமஸில் எட்டு வளைவுகளோடு ஒரு கற்பாலம் ஊரின் தலைக்கு மேலே போகிறது. ஊரை ஒட்டி ஒரு பெரிய கருங்கல் கட்டடம். பெரும்பஞ்ச காலத்தை ஒட்டி ஏழைகளை அடைத்து வேலை வாங்கிக் கஞ்சி ஊற்றிய விடுதி. அந்தப் பஞ்சத்தில் அயர்லாந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரைச் சாவுக்கும் அதே அளவு பேரைக் கப்பலுக்கும் கொடுத்தது. உள்ளே போனால் கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள் என்று சொன்னேன். இப்போது அந்த வளாகத்தில் காபி கிடைக்கிறது. அம்மா காபி வேண்டாம் என்றாள்.

ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் மலைத்தொடர் திறந்துகொள்கிறது. பச்சை வயல்கள், அதற்கு மேல் பழுப்பு, உச்சியில் மேகம். "இந்த மலைக்கு என்ன பெயர்?"

"கமெரா." ஆங்கிலத்தில் எழுதிப் படித்தால் வேறு மாதிரித் தோன்றும், ஊர்க்காரர்கள் வாயில் கேட்டால் கிட்டத்தட்ட "குமரா" என்றுதான் விழும்.

அம்மா ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தாள். அன்றுதான் முதல் முறையாக ஒற்றைக் கையால் ஓட்டினாள். நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "குமர மலையா?" எங்கள் மாவட்டத்திலும் ஒரு குமரமலை இருக்கிறது, முருகன் கோயில். அம்மா சைக்கிளில் காவடி பார்க்கப் போன மலை. இது ஐரிஷ் மொழிச் சொல், அதற்கும் முருகனுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. குன்று இருக்கும் இடத்தில் குமரன் இருப்பான் என்பது அவளுடைய கணக்கு. அதற்குப் பிறகு அவள் திரும்பிப் பார்ப்பது குறைந்தது. வலப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாதையின் ஓரங்களில் ஊதா மணிகள் தொங்கும் ஃபாக்ஸ்குளோவ் செடிகள். பறிக்கக் கையை நீட்டினாள், நான் கத்தியேவிட்டேன். செடி முழுவதும் விஷம். இதயத்துக்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் மருந்து முதலில் இதிலிருந்துதான் வந்தது. எங்கள் வார்டில் அந்த வகை மருந்தைக் கொடுக்கும் முன் நாடித் துடிப்பைப் பார்ப்போம். "அரளி மாதிரி" என்று ஒரே சொல்லில் முடித்தாள். உண்மையில் அரளியும் இதயத்தைத்தான் தாக்கும். அவளுக்கு அந்த மருத்துவம் தெரியாது, ஆனால் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

டரோவைத் தாண்டி பாலிவாய்ல் சுரங்கப்பாதை. நானூறு மீட்டர். அதற்கு முன்பே இரண்டு பக்கமும் பாறை உயர்ந்து, பெரணியும் பாசியும் தொங்க, வெயில் மங்கிக் குளிர்ந்துவிடும். மறுமுனை ஒரு காசு அளவு வெளிச்சமாகத் தெரியும். உள்ளே விளக்குகள் இருந்தாலும் மேலிருந்து நீர் சொட்டும். வாயிலில் அம்மா நின்றுவிட்டாள். இருட்டில் பின்னால் ஏதாவது வந்தால் என்ன செய்வது என்ற அதே பயம். நடந்தே போகலாம் என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி போனாள். பிறகு பெல்லை அடித்தாள். சத்தம் சுவரெல்லாம் ஓடித் திரும்பி வந்தது. இன்னொரு முறை அடித்தாள். அப்புறம் ஏறி உட்கார்ந்து, நானூறு மீட்டரும் பெல்லை அடித்துக்கொண்டே ஓட்டினாள். எதிரே வந்த ஒரு குடும்பம், சின்னக் குழந்தைகள் உட்பட, தங்கள் பெல்களை அடித்து அவளுக்குப் பதில் கொடுத்தது. வெளியே வந்தபோது அவள் முகம் நனைந்திருந்தது. மேலிருந்து சொட்டிய நீர்தான் என்றாள்.

சுரங்கத்தை விட்டால் பாலிவாய்ல் பாலம். 1922இல் உள்நாட்டுப் போரின்போது இதைத் தகர்த்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு ரயிலையும் அந்த இடைவெளியில் ஓடவிட்டு வீழ்த்தினார்கள். 1924இல் மீண்டும் கட்டினார்கள். நடுப்பாலத்தில் காற்று சைக்கிளையே பக்கவாட்டில் நகர்த்தியது. நான் இறங்கினேன், அம்மா இறங்கவில்லை. முதுகை வளைத்து, சைக்கிளைச் சற்றுக் காற்றின் பக்கம் சாய்த்துப் பிடித்துப் போனாள். ஆடிக்காற்றில் பழகிய உடம்பு.

அங்கிருந்து இறக்கம். பெரிய இறக்கமில்லை, பெடலை மிதிக்காமல் விட்டால் தானாக ஓடும் அளவு. ஒரு வளைவில் வேலி விலகியதும் கடல். குளோனியா கடற்கரை நீளமாக வெளுத்துக் கிடந்தது. அப்பால் ஹெல்விக் முனை. அம்மா பெடலை நிறுத்திவிட்டாள். சக்கரம் சுழலும் கிர்ர் ஒலி மட்டும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எண்ணுவதை எங்கே விட்டேன் என்று நினைவில்லை.

கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டோம். வாட்டர்ஃபோர்டில் பிளா என்று மாவு தூவிய மெத்தென்ற ரொட்டி உண்டு. 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றது. உள்ளூர்க்காரர்கள் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வைத்துச் சாப்பிடுவார்கள். அம்மா காலையில் உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கட்டியிருந்தாள். இந்த ஊர் ரொட்டிக்கு இதுவரை நடந்த மிகச் சிறந்த காரியம் அது என்று நான் நம்புகிறேன்.

டங்கார்வனுக்குள் நுழைய நீரின் மேல் ஒரு கரைப்பாதை. அதன் அருகே இருக்கும் சிறு பூங்காவுக்கு எர்னஸ்ட் வால்டனின் பெயர். இந்த ஊரின் ஆபிசைடில் 1903இல் பிறந்தவர். 1932இல் ஜான் காக்ராஃப்டோடு சேர்ந்து அணுக்கருவைப் பிளந்து, 1951இல் நோபல் பரிசு பெற்றார். சொன்னேன். அம்மா தலையாட்டினாள். அவள் கவனம் வேறெங்கோ. ஒரு பெண் தன் கைக்குழந்தையைச் சைக்கிளின் முன்பக்க இருக்கையில் வைத்து ஓட்டிப் போனாள். குழந்தையின் தலை அவள் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அவர்கள் பாலத்தின் மறுமுனைக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாடகைக் கடையின் வேன் எங்களைத் திரும்பக் கூட்டிப்போக நான்கு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். ஜூன் மாதம், இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். "இப்போது காற்று முதுகில்தானே அடிக்கும்?" என்றாள். கடைக்குப் போன் செய்து வேன் வேண்டாம் என்று சொன்னேன். திரும்பும்போது சுரங்கத்தில் அவள் முன்னால் போனாள், பெல் அடிக்கவில்லை.

அவள் ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. நான் இதைப் பற்றி எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் கைவிட்ட ரயில் தடம் இல்லை என்பது தெரியும். ஆனால் கண்மாய்க்கரைகள் இருக்கின்றன, வாய்க்கால் கரைகள் இருக்கின்றன. பல இடங்களில் இரண்டு சைக்கிள் தாராளமாகப் போகும் அகலம். கருவேல முள்ளை வெட்டி, கிராவல் அடித்து, இரண்டு முனையிலும் மோட்டார் வண்டி நுழையாதபடி கல் நட்டால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முழுத் தூரமும் பெருஞ்சாலையில் போக வேண்டியிருக்காது. அரசு ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. கொடுத்த சைக்கிளை எங்கே ஓட்டுவது என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டும். என் தொகுதியின் உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அடுத்தது ஆட்சியருக்கு.

போன ஞாயிறு அம்மா அழைத்தாள். பரணிலிருந்து சைக்கிளை இறக்கியாகிவிட்டதாம். செயினுக்கு எண்ணெய் போட்டு, பின் டயரை மாற்றியிருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்குக் கண்மாய்க்கரையில் போய், முதல் பஸ் வருவதற்குள் திரும்பிவிடுகிறாளாம். எதிர்வீட்டுச் சித்தியும் கூட வருகிறாள், ஆனால் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறாள் என்றாள்.

"அவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான் பின்னால் போகிறேன்."